கண்ணாடிக் கூரையில் படிந்த கரி

நம் முன்னோர் நீட்டலளவை வகுத்தபோது, அணுவுக்கு அடுத்த படியில் ஒரு தூசைத்தான் வைத்தனர். எட்டு அணு கொண்டது ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர். எட்டு மயிர் ஒரு நுண்மணல். பின்னர் கடுகு, எள், நெல் என்று ஏறி விரலில் வந்து நிற்கும் அவ்வாய்பாடு. தேர் ஓடுங்கால் எழும் புழுதியையும் ஓர் அளவாகக் கொண்ட அவர்தம் கூர்மை பாராட்டுதற்குரியது. ஆனால் ஓரிடத்தில் விழுந்து படியும் தூசின் எடை எவ்வளவு, அது மறைக்கும் ஒளியால் பயிருக்கு நேரும் இழப்பு யாது என்ற கேள்விகள் மிகப் பிற்காலத்தவை. அவற்றுள் முதற் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது 1891-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரில். தூசை வழித்தெடுத்து நிறுத்துப் பார்த்த இடம், செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீடுகளின் கூரை.

இன்று பசுமைக்குடில் என்று நாம் வழங்கும் அக்கண்ணாடி வீட்டை, குளிர்நாட்டார் வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கட்டிய கூண்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. வெப்பத்தை விறகாலும் நிலக்கரியாலும் உண்டாக்கிவிடலாம்; ஒளியை அவ்வாறு உண்டாக்கும் வழி அக்காலத்தில் இல்லை. ஆகவே கண்ணாடி வீட்டின் சரித்திரம் என்பது ஒளிக்கும் அதனை மறைக்கும் தூசுக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கே ஆகும். அவ்வழக்கில் சிங்கப்பூருக்கும், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், அவற்றை நாடி வந்த தமிழருக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாத செய்தி.

புகையில் பிறந்த பெட்டி

லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்துக்கு அண்மையில் உள்ள வெல்குளோஸ் சதுக்கத்தில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் வாழ்ந்து வந்தார். பெரணிச் செடிகளில் அவருக்குப் பெரும் பற்று. வீட்டுத் தோட்டத்தில் அவர் நட்டு வளர்த்த பெரணிகளோ ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் கக்கிய நிலக்கரிப் புகையே அவற்றுக்கு எமனாயிற்று. 1829-இல் அவர் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் கண்ணாடிச் சீசா ஒன்றில் இட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்டது வேறொன்று. அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துச் செழித்தன. மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியில் குளிர்ந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. புகையோ உள்ளே நுழையவில்லை.

இதினின்றும் தோன்றியதே வார்டியன் பெட்டி. கண்ணாடிக் கூரை வேய்ந்த சிறு வீடு போன்ற மரப்பெட்டி அது. 1833-இல் இத்தகைய பெட்டிகள் இரண்டை வார்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பினார். செடிகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து புதிய செடிகளை ஏற்றிய பெட்டிகள் கொடுங்குளிரையும் கடும் வெப்பத்தையும் கடந்து லண்டன் மீண்டன. அதற்கு முன்னர் நெடுங்கடல் கடந்து அனுப்பப்பட்ட செடிகளிற் பெரும்பாலானவை வழியிலேயே உப்புக் காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் மடிந்துவிடும்.

இப்பெட்டிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அதனைக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைக்கலாகாது. வெளிச்சம் படும் மேற்றளத்தில்தான் வைக்க வேண்டும். நீரைத் தானே சுழற்றிக்கொள்ளும் அப்பெட்டியால் ஒளியைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. கரித்தூசை இலையினின்றும் விலக்கியது கண்ணாடி. ஆயின் விலக்கப்பட்ட தூசு எங்கே போயிற்று? அது கண்ணாடியின் மேலேயே தங்கியது. தொல்லை தீரவில்லை, இடம் மாறிற்று, அவ்வளவே.

ரப்பர்க் கன்று வந்த வழி

1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கொணர்ந்து லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் ஒப்படைத்தார். அங்குள்ள கண்ணாடி வீடுகளில் விதைக்கப்பட்டவற்றுள் மிகச் சிறு பகுதியே முளைத்தது. அவ்வாண்டிலேயே 1,900-க்கு மேற்பட்ட கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குப் பயணமாயின. மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. நம்மவர் பூமலை என்று அன்புடன் அழைக்கும் தாவரத் தோட்டம், 1859-இல் நிறுவப்பட்டது, அவற்றை ஏற்று வளர்த்தது. 1888-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்ட முதலாளிகளை ரப்பர் பயிரிடுமாறு இடைவிடாது வற்புறுத்தினார்.

பின்னர் நடந்ததைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. காடு அழிந்து ரப்பர் எழுந்தது. கங்காணி அழைக்க, தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆர்க்காட்டிலும் இருந்து குடும்பங்கள் கப்பலேறின. ஆள் வரவழைக்கும் செலவுக்கென 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்றே ஒன்று ஏற்பட்டது. வரலாற்றுக்கு ஒரே காரணம் கூறுதல் பிழை. மோட்டார் வண்டியும், முதலாளிகளின் பணமும், தமிழ்நாட்டுப் பஞ்சமும், ஆட்சியின் சட்டமும் இதற்குக் காரணங்களே. எனினும் அச்சங்கிலியில் ஒரு கண்ணி அந்தக் கண்ணாடிப் பெட்டி. லண்டன் புகையால் ஒரு மருத்துவரின் பெரணிகள் மாளாதிருந்திருப்பின், இந்நாட்டு வரலாறு வேறு வழியில் சென்றிருக்கவும் கூடும்.

பச்சைக் கண்ணாடியின் பாடம்

வார்டு கண்ட சிறு பெட்டி கடலைத் தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், கியூ தோட்டத்தில் ஒரு பெரும் பெட்டி எழுந்தது. 1844-இல் தொடங்கி 1848-இல் முடிந்த பனைமாளிகைதான் அது. டெசிமஸ் பர்ட்டன் என்ற சிற்பியும் ரிச்சர்டு டர்னர் என்ற இரும்புத் தொழில் வல்லுநரும் சேர்ந்து எழுப்பியது. ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுடையது. கண்ணாடியின் எடைக்கேற்ப நூறாண்டுக் காலம் வசூலிக்கப்பட்டு வந்த வரி, வேலை நடந்துகொண்டிருந்த 1845-இல் நீக்கப்பட்டது. கண்ணாடி வீடுகள் பெருகுதற்கு அது பெருந்துணையாயிற்று.

பனைமாளிகைக்கு எத்தகைய கண்ணாடி இடுவது என்ற வினா எழுந்தது. தெளிந்த கண்ணாடியூடே வரும் கதிர்கள் இலைகளைக் கருக்கிவிடும் என்று அஞ்சினர். ராபர்ட் ஹண்ட் என்ற விஞ்ஞானி பல நிறக் கண்ணாடிகளைச் சோதித்து, தாமிரச் சேர்க்கையால் இளம்பச்சை ஏறிய கண்ணாடியைப் பரிந்துரைத்தார். வெளிச்சம் உள்ளே வர வேண்டும், சுடும் கதிர் வெளியே நிற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். கதிரவன் ஒளியைச் சல்லடையிட்டுச் சலிக்க மனிதன் செய்த பெருமுயற்சிகளில் அது ஒன்று.

ஹண்ட் கணக்கில் கொள்ளாத சல்லடை ஒன்று வானில் இருந்தது. லண்டன் வளர்ந்தது, வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் எரித்த நிலக்கரி பெருகியது, குளிர்காலத்து மூடுபனி கரியோடு கலந்து மஞ்சளும் கறுப்புமாக நகரைப் போர்த்தது. டிசம்பர் மாதத்தில் லண்டனுக்குப் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கதிரவனும் தாழ்ந்தே செல்வான். அந்தச் சிறு வெளிச்சத்தையும் முதலில் வானத்துப் புகை மறைத்தது. அடுத்துக் கண்ணாடிமேல் படிந்த கரி மறைத்தது. எஞ்சியதைப் பச்சை நிறம் குறைத்தது. செடிகள் வெளிறி நீண்டு மெலிந்தன. இறுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பச்சைக் கண்ணாடி கைவிடப்பட்டு, தெளிந்த கண்ணாடி இடம்பெற்றது. வெயில் மிகுதி என்று தொடங்கிய வீடு, வெயில் போதாது என்று முடிவுக்கு வந்தது.

ஆறு டன் கரி

இச்சூழலில்தான் தோட்டக்கலைக் கழகத்தார் நகர மூடுபனியால் செடிகளுக்கு விளையும் கேட்டை ஆராயும் பணியை எஃப். டபிள்யூ. ஆலிவர் என்ற தாவரவியல் பேராசிரியரிடம் ஒப்படைத்தனர். அவருடைய அறிக்கைகள் 1891-இலும் 1893-இலும் வெளிவந்தன. மூடுபனி செடியை இருவகையில் தாக்குகிறது என்று அவர் பிரித்துக் காட்டினார்: ஒன்று கந்தகப் புகையின் நஞ்சு, மற்றொன்று ஒளிப் பஞ்சம். வெப்பநாட்டுச் செடிகளே மிகுதியும் துன்புற்றன. நம் பக்கத்துக் காடுகளிலிருந்து கொண்டுபோன ஆர்க்கிட் செடிகள் மொட்டுகளை உதிர்த்து நின்றன.

1891-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ இரு வாரம் நீடித்த ஒரு மூடுபனிக்குப் பின்னர், முன்னமே கழுவி வைத்திருந்த கண்ணாடிக் கூரைகளில் படிந்ததைச் சுரண்டி எடுத்து நிறுத்தனர். இருபது சதுர கஜப் பரப்பில் கியூவில் 30 கிராமும், நகருக்குள் இருக்கும் செல்சியில் 40 கிராமும் இருந்தன. செல்சியின் கணக்கை விரித்தால் ஏக்கருக்கு 22 ராத்தல். சதுர மைலுக்கு 6 டன்! அப்படிவைப் பகுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 39 பங்கு கரி. 12 பங்கு எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள். 4 பங்குக்கு மேல் கந்தக அமிலம். சிறிதளவு இரும்புத் துகள். எஞ்சியதிற் பெரும்பகுதி மண்ணும் சாம்பலும்.

ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று சொன்னால் அற்பமாகத் தோன்றும். அரைத் தேக்கரண்டிச் சர்க்கரைதான். ஆனால் அந்த எண்ணெய்ப் பசையை நோக்குக. மழை வந்து கழுவிவிடும் என்று காத்திருக்க முடியாதபடி அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பழுப்பு நிறச் சாயம் பூசியது போல இருந்த அப்படிவு நீரால் கழுவப்படாமல், கத்தி கொண்டு சுரண்டினால்தான் வந்தது. எடையில் அற்பம், வேலையில் எமன்.

இவ்வளவையின் பெருமை யாதெனில், அதுவரை ‘லண்டன் அழுக்கு’ என்று வாயளவில் பேசியதை அது எண்ணாக்கியது. எண்ணான பின் அதனை மறுப்பது எளிதன்று. 1912-இல் கோகன், ரஸ்டன் என்ற இருவர் லீட்ஸ் நகரில் நிகழ்த்திய ஆராய்ச்சியை ‘புகை’ பற்றிய நூலாக வெளியிட்டு, கரி படிந்த நகரில் ஒளியும் குறைகிறது, பயிரும் குறைகிறது என்று நிறுவினர். தோட்டக்கலைக் கழகம் அதற்கு முன்பே, 1904-இல், புகை சூழ்ந்த சிசிக்கை விட்டு விஸ்லி என்ற நாட்டுப்புறத்துக்குத் தன் தோட்டத்தை மாற்றிக்கொண்டது. செடிக்குக் கிடைத்த இந்த விடுதலை மனிதனுக்குக் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்புகை ஆயிரக்கணக்கானோரை மாய்த்த பின்னரே, 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. கண்ணாடிக் கூரை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கூறிய எச்சரிக்கை அது.

தூசு ஒளியை மறைக்கும் விதம்

தூய கண்ணாடியும் ஒளி முழுவதையும் விடுவதில்லை. கதிர் நேராக விழும்போது கண்ணாடியின் மேற்பரப்பில் நூற்றுக்கு 4 பங்கும், அடிப்பரப்பில் ஏறத்தாழ 4 பங்கும் திரும்பிவிடும். ஆகவே நல்ல கண்ணாடி சுமார் 90 பங்கை உள்ளே விடுகிறது. கதிர் சாய்ந்து வரும்போது இவ்விழப்பு மிகும்.

இதன்மேல் படியும் தூசு எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சுண்ணத்தூசும் செம்மண் புழுதியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கினாலும், பெரும்பகுதியைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியில் ஒரு பங்கு வானுக்குத் திரும்பினும், மிகுதி உள்ளேயே விழுகிறது, நிழல் மென்மையாகிறது. கரித்தூசின் இயல்பு வேறு. அது ஒளியைச் சிதறடிப்பதைவிட மிகுதியாக விழுங்கிவிடும். கறுப்புத் துணியும் மெல்லிய வெள்ளைத் துணியும் சன்னலுக்கு இட்டாற்போன்ற வேறுபாடு இது.

இவ்விழப்பின் விலை என்ன? கண்ணாடி வீட்டு விவசாயத்தில் உலகுக்கு ஆசானாக விளங்கும் நெதர்லாந்து நாட்டில், ‘நூற்றில் ஒரு பங்கு ஒளி போனால் நூற்றில் ஒரு பங்கு விளைச்சல் போகும்’ என்று ஒரு வாய்பாடு வழங்குகிறது. பின்வந்த ஆராய்ச்சியாளர் அதனைச் செம்மைப்படுத்தி, தக்காளி வெள்ளரி போன்றவற்றுக்கு 0.7 முதல் 1 பங்கு வரை என்றனர். பத்துப் பங்கு ஒளியைத் தூசுக்குக் கொடுத்தவன், பத்துப் பாத்தியில் ஏறத்தாழ ஒரு பாத்தியைத் தரிசாகப் போட்டவனுக்கு ஒப்பாவான். விதைக்கும் உரத்துக்கும் நீருக்கும் கூலிக்கும் அவன் செலவிட்டது பத்துப் பாத்திக்கு. அதனாலன்றோ அந்நாட்டார் கூரைச் சரிவில் தானே ஊர்ந்து கழுவும் இயந்திரங்களைச் செய்து வைத்திருக்கின்றனர்!

கண்ணாடி வாங்க இயலாதவர்க்கு 1948-இல் ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடி வீடு கட்டப் பணம் போதாமையால், மரச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் செடி வளர்த்துக் காட்டினார். ஏழை விவசாயிக்கு அது பெருங்கொடை. ஆயினும் பிளாஸ்டிக் தாள் உராய்வால் மின்னேற்றம் பெற்றுத் தூசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். விலை குறைந்த கூரைக்குக் கவனிப்பு மிகுதியாக வேண்டியிருக்கிறது.

நம் வெயிலில்

ஓசூர், கிருஷ்ணகிரி, நீலகிரிப் பகுதிகளில் ரோசாவும் குடைமிளகாயும் வளரும் குடில்கள் இன்று அத்தகைய தாளால் ஆனவையே. சாலைப் புழுதி மிகுந்த கோடையில் அவற்றின் மேல் செம்மண் படலம் தெரியும். அதனைக் கண்டு, “இங்கே வெயிலுக்கா பஞ்சம்? தூசு நிழல்தானே தருகிறது, கிடக்கட்டும்” என்று கூறுவோர் உண்டு. மேலோட்டமாக நோக்கின் இது அறிவுடைமை போலவே தோன்றும். ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குடில்களுக்குக் கோடையில் சுண்ணக் கரைசல் அடித்து வெண்மையாக்குகின்றனரே என்று சான்றும் காட்டலாம்.

ஆனால் அச்சான்றே அவ்வாதத்துக்கு மறுப்பாகும். அல்மேரியாவின் விவசாயி வேண்டும்போது வெள்ளையடிக்கிறான். இலையுதிர்காலம் வந்ததும் கழுவி எடுக்கிறான். எவ்வளவு நிழல், எந்நாள் முதல் எந்நாள் வரை என்பது அவன் கையில் இருக்கிறது. தூசு யாரையும் கேட்டு வருவதில்லை. ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிகிறது. கூரையின் மடிப்புகளில் ஈரத்தோடு சேர்ந்து பாசிக்கு இடந்தருகிறது. வெயில் குறைந்து மேகம் கவிந்த மாதத்திலும் போகாமல் தங்குகிறது. செடிக்கு வேண்டிய ஒளியையும் வேண்டாத வெப்பத்தையும் பிரித்தறியும் ஆற்றலும் அதற்கில்லை. பச்சைக் கண்ணாடியை மாற்ற நேர்ந்த கியூ தோட்டத்தின் பாடமும் இதுவே: நாமே இட்ட நிழலுடன் ஊரார் இட்ட நிழலும் சேர்ந்துகொண்டால் கணக்கு பிழைத்துவிடும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எனவே புழுதி இங்கே நீண்ட நாள் தங்குவதில்லை, பாசியே பெருந்தொல்லை. ஆர்க்கிட் வளர்ப்போர் வலை கட்டி அளவாக நிழல் தருகின்றனர். கரையோரப் பூந்தோட்டங்களில் 2012-இல் திறக்கப்பட்ட இரு கண்ணாடி மாளிகைகளோ ஹண்ட் கண்ட கனவின் நிறைவு எனலாம். அவற்றின் பூச்சிட்ட கண்ணாடி, ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை உள்ளே விட்டு, வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அனுமதிக்கிறது. வெயில் மிகும்போது பாய்போல் விரியும் திரைகள் நிழல் தந்து, தணிந்ததும் சுருங்கிக்கொள்கின்றன. 1840-களில் பச்சைச் சாயம் செய்ய முயன்றதை இன்று கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு செய்கிறது. குளிர்நாட்டார் வெப்பநாட்டுச் செடிக்கு வீடு கட்டியது போய், வெப்பநாட்டார் குளிர்நாட்டுச் செடிக்கு வீடு கட்டியிருப்பது காலத்தின் விளையாட்டு.

எனினும் லண்டன் கண்ட கேடு நமக்கு முற்றும் அயலானதன்று. 1997-இலும் 2013-இலும் 2015-இலும் அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் எழுந்த புகைமூட்டம் இத்தீவைப் போர்த்தியது. 2013 ஜூன் 21-ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. அந்நாட்களில் நடுப்பகலிலும் கதிரவன் செம்மங்கிய வட்டமாகவே தெரிந்தான். மூக்கை மூடிக்கொண்ட நாம், ஒளியை உண்டு வாழும் இலைகளின் பட்டினியை எண்ணிப் பார்த்தோமா? 2020-இல் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களின் கூரைகளைக் கீரைப் பண்ணைகளுக்கு விடத் தொடங்கிய நகரத்துக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று.

பிடோக் வட்டாரத்தைப் பாருங்கள். 1966-இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்காகக் குன்றுகளை வெட்டி, அம்மண்ணை ஓடும் பட்டையில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பிய ஊர் அது. மண் தோண்டிய பள்ளம் 1986-இல் நீர்த்தேக்கமாயிற்று. அந்நீரின்மேல் இன்று சூரியத் தகடுகள் மிதக்கின்றன. அவற்றுக்கும் மேலுறை கண்ணாடிதான். அங்கும் பறவையின் எச்சமும் காற்றின் தூசும் ஒளியைப் பங்கு கேட்கின்றன. ரப்பர்க் கன்றுக்கு வெளிச்சம் விட்ட அதே பொருள், இன்று வீட்டு விளக்குக்கு வெளிச்சம் சேர்க்கிறது. கண்ணாடியின் பயன் விரியும்தோறும் தூசின் விலையும் ஏறுகிறது.

கண்ணாடி வீட்டைப் பற்றி எழுதுவோர் சிற்பியின் பெயரையும், இரும்பு வார்த்தவரின் பெயரையும், செடி கொணர்ந்தவரின் பெயரையும் பொறித்து வைத்தனர். ஏணியில் ஏறி, கத்தியும் துணியும் கொண்டு கரியைச் சுரண்டிய தோட்டத் தொழிலாளரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் ஒரு குளிர்காலம் கைவிட்டிருந்தால் அம்மாளிகைகள் இருட்டறைகளாகியிருக்கும். செடிக்கு ஒளி தந்தவர்களின் வரிசையில் கண்ணாடி செய்தவனுக்கு அடுத்து, அதைத் துடைத்தவனையும் நிறுத்துவதே நேர்மையான வரலாறு. நிழல் வேண்டுமாயின் நாமே இட்டுக்கொள்வோம். தூசை நிழலென்று நம்பி இருக்க வேண்டா.